தோப்பில் படுக்கிறவருக்கு வலை வேண்டும்

போன புரட்டாசிக் கடைசியில் எங்கள் தோப்பில் இரண்டு நாள் பயிற்சி முகாம் நடந்தது. கல்லலுக்குப் பக்கம் மாவும் வேம்பும் கொஞ்சம் தென்னையும் நிற்கிற இடம். வந்தவர்கள் 22 பேர். அதில் ஆறேழு இளவட்டங்கள் நைலான் தூளி கொண்டுவந்திருந்தார்கள். ஹேமக் என்கிறார்கள். சுருட்டினால் தேங்காய் அளவுதான், விரித்து மரத்துக்கு மரம் கட்டினால் ஓர் ஆள் படுக்கலாம். பட்டணத்துப் பிள்ளைகள் மாமரத்தடியில் ஆடிக்கொண்டு கிடந்ததைப் பார்க்க எனக்கே ஆசையாகத்தான் இருந்தது.

ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் கூத்து ஆரம்பித்தது. நொச்சியும் வேப்பிலையும் போட்டு மூட்டம் போட்டோம். ஒரு பையன் பையிலிருந்து கொசுவர்த்திச் சுருளை எடுத்தான். "இயற்கை விவசாய முகாம்ல இதெல்லாமா தம்பி?" என்று ஒரு பெரியவர் கேட்டதும், பாவம், கூச்சப்பட்டு உள்ளே வைத்துவிட்டான். பன்னிரண்டு மணிக்குள் பாதிப்பேர் தூளியை விட்டு இறங்கிவிட்டார்கள். சிலர் காருக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெந்தார்கள். இரண்டு பேர் மோட்டார் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அங்கே சுருள் எரிந்ததோ என்னவோ, நான் கேட்கவில்லை. காலையில் மதுரையிலிருந்து வந்திருந்த ஒரு பெண் சொன்னாள்: "சார், முன்பக்கம் போர்வை போத்தியிருந்தேன், ஒண்ணும் கடிக்கல. முதுகு முழுக்கத் தடிப்பு."

அது சரியான சாட்சியம். அதை அப்புறம் சொல்கிறேன். முகாம் முடிந்து கருத்துச் சொல்லும் நேரத்தில் பஞ்சகவ்யா பற்றிப் பேசினார்கள், மூடாக்கு பற்றிப் பேசினார்கள், சாப்பாடு பிரமாதம் என்றார்கள். ராத்திரி தூங்கவில்லை என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. நஞ்சில்லா விவசாயம் பேசுகிற இடத்தில் கொசுவைப் பற்றிக் குறை சொல்வது மரியாதை இல்லை என்று நினைத்திருப்பார்கள் போல. எனக்கு அதுதான் உறுத்தல்.

ஐப்பசி பிறந்து பத்துப் பன்னிரண்டு நாளில் எனக்குக் காய்ச்சல் வந்தது. கண்ணுக்குப் பின்னால் வலி, இடுப்பை ஒடித்துப் போட்ட மாதிரி வலி. சோதித்துப் பார்த்தால் டெங்கு. ரத்தத் தட்டணுக்கள் 38 ஆயிரத்துக்கு இறங்கின. சாதாரணமாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது. ஐந்து நாள் ஆஸ்பத்திரி. வங்கியில் 34 வருஷம் மற்றவர்கள் கணக்கு குறைவதைப் பார்த்துப் பழகியவன், என் கணக்கு தினமும் இறங்குவதைப் படுத்துக்கொண்டு பார்த்தேன்.

இதில் எனக்குப் புரியாமல் இருந்தது ஒன்றுதான். கடலைக்குக் காட்டுப்பன்றிக் காவல் இருக்கிற மூன்று வருஷமாக நான் தூளியில்தான் படுக்கிறேன். எப்போதும் வலை கட்டித்தான் படுப்பேன். பிறகு எப்படி? டாக்டர் சிரித்துக்கொண்டே கேட்டார், "மத்தியானம் எங்க சார் படுப்பீங்க?" அதே தூளியில்தான், வலை இல்லாமல். டெங்குக் கொசு பகல் கொசு. விடிந்து இரண்டு மணி நேரமும், பொழுது சாய்வதற்கு முந்தின இரண்டு மூன்று மணி நேரமும் அதற்குச் சாப்பாட்டு வேளை. நாமோ இருட்டினால்தான் கொசு என்று முடிவு கட்டிவிட்டுப் பகலில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கண் அயர்கிறோம்.

இன்னொன்றும் யோசித்தேன். காலில் வெள்ளை வளையம் போட்ட அந்தக் கறுப்புக் கொசு வெகுதூரம் பறக்காது. இருநூறு முந்நூறு மீட்டரைத் தாண்டுவது அபூர்வம் என்கிறார்கள். எங்கள் தோப்பிலிருந்து அடுத்த வீடு அரைக் கிலோமீட்டர். வந்துபோன யாரோ ஒருவர் உடம்பில் கிருமி இருந்திருக்கலாம், அது அவர் குற்றமில்லை. ஆனால் கொசு? அது என் தோப்பில், என் தண்ணீரில், என் பராமரிப்பில் பிறந்த கொசு.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுவாரம் தடி ஊன்றிக்கொண்டு ஒரு தணிக்கை போட்டேன். கண்டது: அமிர்தகரைசல் கலக்கிவிட்டுக் கழுவி வைத்த டிரம்மில் மழைத் தண்ணீர், அதில் நெளிகிற புழு. மூடாக்குக்குப் போட்ட தேங்காய்த் தொட்டிகள், குழிப்பக்கம் மேலே பார்த்தபடி. தார்ப்பாய் மடிப்பு. வெட்டிய மூங்கில் குருத்தின் அடிக்குழாய். சொட்டுநீர் வடிகட்டியின் பழைய டப்பா. எல்லாவற்றையும்விட வெட்கம், குருவி குடிக்கட்டும் என்று நானே வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்த மண்சட்டி. கோடையில் தினமும் தண்ணீர் மாற்றினேன். மழை வந்ததும் மறந்துபோனேன்.

ரசாயன விவசாயம் பண்ணுகிறவர் தோட்டத்தில் இத்தனை டிரம் இருக்காது. நம்மிடம்தான் பஞ்சகவ்யா டிரம், மீன் அமிலம், ஐந்திலைக் கரைசல், அசோலாத் தொட்டி என்று வரிசை கட்டி நிற்கிறது. கெட்டியான கரைசலில் கொசு அவ்வளவாக வைக்காது. காலியான பிறகு அலசி வைத்த டிரம்தான் அதற்கு மாளிகை. அசோலா தண்ணீரை முழுக்க மூடிவிட்டால் கொசுவுக்கு இடம் கிடைப்பது கஷ்டம். மாட்டுக்குப் பாதி அள்ளிப் போட்டுவிட்டு மீதியைத் திறந்து விட்டால் அது குளம்தான்.

முட்டையிலிருந்து கொசு பறக்க ஏழு முதல் பத்து நாள். அதனால் வாரத்துக்கு ஒரு தடவை கவிழ்த்தால் போதும், தினமும் வேண்டாம். வங்கியில் வெள்ளிக்கிழமை தோறும் மேலிடத்துக்குக் கணக்கு அனுப்புவோம். அந்தப் பழக்கத்தில் நான் வெள்ளிக்கிழமை வைத்துக்கொண்டேன். கவிழ்த்தால் மட்டும் பத்தாது, உள்சுவரைத் தேங்காய் நார் கொண்டு தேய்க்க வேண்டும். இந்தக் கொசுவின் முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும், அடுத்த மழைக்குப் பொரித்துவிடும். கவிழ்க்க முடியாத டிரம்முக்கு வாயில் துணி கட்டி, சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கிவிடலாம்.

கிணற்றுக்கும் பண்ணைக்குட்டைக்கும் மீன்தான். கம்பூசியா வெளிநாட்டு மீன், நம் ஊர் மீன் குஞ்சுகளையும் தவளை முட்டையையும் சேர்த்துத் தின்கிறது, எனக்கு அதில் இஷ்டமில்லை. கண்மாய் ஓரத்தில் மேல்மட்டத்திலேயே திரிகிற, தலை உச்சியில் வெள்ளிப்பொட்டு மின்னுகிற ஒரு சின்ன மீன் இருக்கிறது. ஒரு சொம்பில் இருபது பிடித்து விட்டேன். இப்போது குட்டையில் புழுவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மீன் விட முடியாத தொட்டிக்கு பிடிஐ என்கிற பாக்டீரியா இருக்கிறது. காய்ப்புழுவுக்கு நாம் அறிந்த பிடிக்குத் தம்பி முறை, கொசுப்புழு வகையறாவை மட்டும் தாக்கும். புதுச்சேரியிலுள்ள நோய்க்கடத்தி ஆராய்ச்சி மையத்தில் இதில் நம் நாட்டு ரகமே எடுத்திருக்கிறார்கள்.

சரி, தூளிக்கு வருவோம்.

வயலில் ராத்திரி படுப்பது பொழுதுபோக்கு என்று சிலர் நினைக்கிறார்கள். மும்முனை மின்சாரம் ராத்திரி முறையில் வந்தால் மோட்டாருக்குக் காவல், கடலை பிடித்தால் பன்றிக்குக் காவல், பயறு முளைத்தால் மானுக்குக் காவல். காலங்காலமாகப் பரண் போட்டும் கயிற்றுக்கட்டிலிலும் படுத்தவர்கள்தான் நாம். நான் தூளிக்கு மாறியதற்குக் காரணம் பாம்பு. மூடாக்குப் போட்ட நிலத்தில் எலி வரும், எலியோடு மற்றதும் வரும். கட்டுவிரியன் தரையில் தூங்குகிறவனைத்தான் கடிக்கும், பல பேருக்குக் கடித்ததே தெரியாது. நேபாளத்தில் ஆய்வு செய்தவர்கள், கொசுவலைக்குள் படுக்கிறவர்களுக்குப் பாம்புக்கடி குறைவு என்று 2007-ல் எழுதியிருக்கிறார்கள். கொசுவுக்குக் கட்டுகிற வலை அதற்கும் உதவுகிறது. பக்கத்துப் புஞ்சைக்காரர் மட்டும் இன்னும் கேலி பண்ணுகிறார், "என்ன மேனேசர் சார், பேரப்பிள்ளைக்குக் கட்டின தூளியில நீங்க படுத்திருக்கீக?" என்று.

தூளியில் ஒரு குறை உண்டு. கட்டிலில் மெத்தை அடியில் காக்கும். தூளியிலோ மெல்லிய துணி உடம்போடு இழுத்து ஒட்டிக்கொள்கிறது. கொசுவின் மூக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர். துணிக்குக் கீழே உட்கார்ந்து நிம்மதியாகக் குத்திவிட்டுப் போகும். மதுரைப் பெண்ணுக்கு நடந்தது அதுதான். மேலே வலையைக் குடை மாதிரி போட்டுவிட்டு அடியைத் திறந்து விட்டவர்களுக்கும் அதே கதிதான். ஆகவே வலை தூளியை முழுசாக, அடியையும் சேர்த்துப் பை மாதிரி மூட வேண்டும்.

நான் செய்திருப்பது இதுதான். கரூர் வலைத்துணி வாங்கி, காரைக்குடியில் ஒரு தையல்காரரிடம் தூளியைவிட இரண்டு முழம் நீளமாக ஒரு குழாய் தைக்கச் சொன்னேன். இரண்டு முனையிலும் நாடா, பக்கத்தில் ஒரு ஜிப். தூளிக்கு மேலே தனிக் கயிறு ஒன்று இழுத்துக் கட்டி, வலையை அதில் தொங்கவிட வேண்டும். அப்போதுதான் அது மூஞ்சியில் விழாது. வலை உடம்பில் ஒட்டினால் வலை இருந்தும் பிரயோசனமில்லை, முழங்கையை அதில் சாய்த்துத் தூங்கிவிட்டுக் காலையில் எண்ணிப் பாருங்கள், தெரியும். சதுர அங்குலத்துக்கு 156 கண்ணாவது இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கடைக்காரருக்குக் கண் கணக்கு தெரியாது, ஓர் அங்குலத்துக்கு அங்குலம் பேனாவால் கட்டம் போட்டு நாமே எண்ணிக்கொள்ள வேண்டியதுதான். பக்கத்துக்குப் பன்னிரண்டரை வந்தால் சரி.

உள்ளே பழைய பவானி ஜமுக்காளம் ஒன்றை இரண்டாக மடித்துப் போட்டுப் படுக்கிறேன். வலையில் எங்காவது ஓட்டை விழுந்தாலும் முதுகு தப்பும். கயிற்றின் வழியே எறும்பு வரும், அதற்கு வேப்பெண்ணெய் தோய்த்த துணியை இரு முனையிலும் சுற்றிவிடுங்கள். மழை நாளில் கயிற்றில் வழிகிற தண்ணீர் நேரே தூளிக்குள் வரும். தூளிக்கு ஒரு சாண் முன்னால் ஒரு துண்டு நூலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் தண்ணீர் அதன் வழி கீழே சொட்டிவிடும். படுக்கும்போது குறுக்கே சாய்ந்து படுங்கள், முதுகு வளையாது. ஏறும் முன் டார்ச்சை அணைத்துவிட்டு, வலையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஏறுங்கள். கூடவே நாலு கொசுவை உள்ளே அழைத்துக்கொண்டு ஜிப்பை இழுத்து மூடுவது போன்ற கொடுமை வேறில்லை.

இடமும் முக்கியம். தென்னைக்கும் வாழைக்கும் நடுவே குளுகுளு என்று இருக்கிற இடம்தான் கொசு பகலெல்லாம் ஒதுங்கி இருக்கிற இடம். கொசு சோனியான பறவை. விசிறியளவு காற்று அடித்தாலே அதால் நம் மேல் நிலைத்து உட்கார முடியாது. மூச்சுக்காற்றையும் வியர்வை வாடையையும் பிடித்துத்தான் அது ஆளைக் கண்டுபிடிக்கிறது, காற்று அதையும் கலைத்துவிடும். காற்றோட்டமான பொட்டல் ஓரத்து வேம்பு இரண்டு போதும்.

இப்போது மூட்டத்துக்கும் சுருளுக்கும் வருகிறேன். இதில்தான் நண்பர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். கொசுவர்த்தியே ஒரு பூவிலிருந்து வந்ததுதான். 1890-ல் ஜப்பானில் உயேயாமா எய்ச்சிரோ என்பவர் பைரித்ரம் என்ற சாமந்தி இனப் பூவின் பொடியை ஊதுபத்தி மாதிரி செய்தார். அதைச் சுருளாகச் சுற்றலாம் என்று யோசனை சொன்னது அவர் மனைவி யூகி. இன்று விற்பதில் அந்தப் பூ இல்லை, அதைப் பார்த்துத் தயாரித்த ரசாயனம் இருக்கிறது. தேனீக்கும் மீனுக்கும் ஆகாது. அதைவிட மோசம் புகை. மூடின அறையில் ஒரு சுருள் எரிந்தால் வருகிற நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் புகைத்ததற்குச் சமம் என்று 2003-ல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. ஆகவே மோட்டார் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு சுருள் கொளுத்துவது எனக்குச் சம்மதமில்லை.

அதே வாயால் இதையும் சொல்லியாக வேண்டும். வேப்பிலைப் புகையும் புகைதான். நுரையீரலுக்கு அது இயற்கை, இது செயற்கை என்று தெரியாது. புகை நம் மேல் படுகிறவரை கொசு கொஞ்சம் தள்ளி நிற்கும். காற்று திரும்பினால் நமக்குப் புகை இல்லை, கொசு உண்டு. மாட்டுக் கொட்டகையில் மாலையில் அரை மணி நேரம் போடுவது வேறு, ராத்திரி முழுக்க அதை நம்பிப் படுப்பது வேறு. வேப்பெண்ணெய் பற்றி மலேரியா ஆராய்ச்சி மையத்தினர் 1993-ல் வெளியிட்ட முடிவு நன்றாகவே இருந்தது. தேங்காய் எண்ணெயில் இரண்டு சதம் கலந்து பூசினால் மலேரியாக் கொசு கிட்ட வரவில்லை, மற்ற கொசுக்களிடம் அவ்வளவு பலிக்கவில்லை. நான் பூசுகிறேன், வேலை நேரத்தில் கை காலுக்கு. களை எடுத்து வேர்த்தால் ஒரு மணி நேரத்தில் கரைந்துபோகிறது என்பதுதான் என் அனுபவம். டீட் என்ற பூச்சு மருந்து அமெரிக்க ராணுவத்துக்காக 1940களில் கண்டது. எனக்கு அதன் வாடையே ஆகாது, ஆனால் டெங்கு பரவுகிற மாதத்தில் பகலில் ஒரு பையன் அதைப் பூசிக்கொண்டு வந்தால் இனி முகத்தைச் சுளிக்க மாட்டேன்.

எங்கள் குடும்பத்தில் இது பழைய கதை. எங்க ஐயா, அப்பாவைப் பெற்றவர், பர்மாவில் ஒரு லேவாதேவிக் கடையில் அடுத்தாளாக இருந்தவர். 1941 டிசம்பரில் ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டதும் லட்சக்கணக்கானவர்கள் காட்டு வழியே நடந்தார்களே, அதில் அவரும் ஒருவர். குண்டுக்குத் தப்பியவர்களைக் காலராவும் குளிர்காய்ச்சலும் வழியிலேயே அடித்துப் போட்டன. ஐயா வந்து சேர்ந்தார், காய்ச்சலும் கூட வந்தது. இரண்டு மூன்று வருஷம் விட்டு விட்டு வரும், கொயினா கொடுத்துக் கம்பளி போர்த்தி மேலே ஆள் உட்கார்ந்து அமுக்க வேண்டும் என்று அப்பத்தா சொல்லும். அதன் பிறகு சாகும்வரை ஐயா வலை இல்லாமல் படுத்ததில்லை, மார்கழிக் குளிரிலும்.

அதே பர்மா முனையில் சண்டை போட்ட பட்டாளத்துக்குத் தலைமை தாங்கிய வில்லியம் ஸ்லிம் பின்னால் எழுதியிருக்கிறார்: 1943-ல் காயம்பட்டு ஒருவரைப் பின்னால் அனுப்பினால், நோய்க்காக 120 பேரை அனுப்ப வேண்டியிருந்ததாம். சிப்பாய்கள் தினசரி மாத்திரை போடுகிறார்களா என்று சோதித்து, ஒழுங்காகப் பார்க்காத மூன்று தளபதிகளை வேலையை விட்டே தூக்கினார். அமெரிக்க ராணுவமோ 1942 மாடல் என்று ஒரு காட்டுத் தூளியையே செய்து கொடுத்தது. சுற்றிலும் வலை, மேலே மழைக்குக் கூரை, எல்லாம் சேர்த்துத் தைத்தது. இன்று பிள்ளைகள் கொண்டுவருகிற தூளிக்கு அதுவும் ஒரு பாட்டன். பேரன்கள் துணியை வைத்துக்கொண்டு வலையை விட்டுவிட்டார்கள்.

நம் முகாம்களில் மண்ணின் உயிரைப் பற்றி மூன்று மணி நேரம் பேசுகிறோம். அந்த மண்ணில் நிற்கிறவன் உடம்பைப் பற்றி மூன்று நிமிஷம் பேசுவதில்லை. புதிதாக விவசாயத்துக்கு வர நினைக்கிற பிள்ளை முதல் ராத்திரியே காய்ச்சலை வாங்கிக்கொண்டு போனால், அவன் வீட்டில் அடுத்த முறை அனுப்புவார்களா? தோப்பில் படுக்க வைக்கிற எந்த முகாமும் சோற்றுக்குத் தட்டு எண்ணுவதுபோல வலையையும் எண்ண வேண்டும். முகாமுக்கு ஒரு வாரம் முன்னால் டிரம், தொட்டி, சட்டி எல்லாம் கவிழ்க்க வேண்டும். யாருக்காவது காய்ச்சல் இருந்தால் வராதீர்கள் என்று அழைப்பிதழிலேயே போட வேண்டும். இதெல்லாம் பெரிய செலவில்லை, ஒரு டிரம் பஞ்சகவ்யாவுக்கு வாங்குகிற நெய்க்காசுதான்.

எனக்குக் காய்ச்சல் என்றதும் அன்போடு நிலவேம்பும் பப்பாளி இலைச் சாறும் கொண்டுவந்து கொடுத்த தோழர்களுக்கு நன்றி. இரண்டையும் குடித்தேன். அதோடு ஒன்றைச் சொல்லிவைக்கிறேன். டெங்குவாக இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் வலிக்கு ஆஸ்பிரின், புரூஃபன் மாதிரி மாத்திரைகளைக் கடையில் வாங்கிப் போடாதீர்கள், ரத்தக்கசிவு கூடும். காய்ச்சல் விட்ட பிறகு வருகிற இரண்டு நாள்தான் ஆபத்து, அப்போதுதான் "சரியாப் போச்சு" என்று நாம் வயலுக்குக் கிளம்புவோம். நானும் கிளம்பினேன். வாசலில் தலை சுற்றி உட்கார்ந்தவனைத்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள்.

தையில் அடுத்த முகாம். பத்து வலை தைக்கக் கொடுத்திருக்கிறேன், தூளி கொண்டுவருகிறவர்கள் நீளத்தை அளந்து முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். வாடகை கிடையாது. கிழித்தவர்கள் தைத்துக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும், ஊசியும் நூலும் மோட்டார் ரூம் மாடத்தில் இருக்கிறது.